பீட்ஸில் பாட்டுக் களஞ்சியம்: குடியாத்தம் வாசகரின் கேள்வியும் தொடர்ந்த குறிப்புகளும்

குடியாத்தம் வாசகர், 4 அக்டோபர் 2025

ஐயா, எங்கள் பெரியப்பா மைக் செட் வைத்திருந்தவர். அவர் காலத்துக் கேசட்டுகளைக் கணினியில் ஏற்றி முடித்துவிட்டேன். எம்பி3 சிடிக்கள் விற்ற காலத்தில் சேர்ந்த சினிமாப் பாட்டுகளும் கூடவே கிடக்கின்றன. எல்லாவற்றையும் கோப்புறைகளாகப் பிரித்துப் பெயர் வைத்திருக்கிறேன். பாட்டின் விவரம் கோப்பின் டேகிலேயே, அதாவது கோப்புக்குள் எழுதிவைத்த குறிப்பிலேயே, இருக்கிறது. எது எங்கே என்பது கோப்புறைப் பெயரைப் பார்த்தாலே தெரிகிறது. அப்படியிருக்க, இதற்கென்று தனியாக ஒரு தரவுத்தளமும், பீட்ஸ் என்று கறுப்புத் திரையில் கட்டளை தட்டும் கருவியும் எதற்கு? பீட்ஸ் இல்லாமல் முடியாத வேலை என்று ஒன்றையாவது சொல்லுங்கள்.

4 அக்டோபர் 2025, இரவு

ஒன்று சொல்கிறேன். உங்கள் பெரியப்பா பதிவு செய்த பம்பைப் பாட்டுகளில், 1985க்கும் 1990க்கும் இடைப்பட்டவை, பத்து நிமிடத்துக்கு மேல் ஓடுபவை, இன்னும் ஊர்ப் பெயர் குறிக்கப்படாதவை எவை என்று உங்கள் கோப்புறைகளிடம் கேட்டுப் பாருங்கள். கோப்புறையால் ஒரே ஒரு வரிசையைத்தான் தாங்க முடியும். இசையமைப்பாளர் வாரியாக அடுக்கினால் ஆண்டு வாரியாகத் தேட முடியாது. ஆண்டு வாரியாக அடுக்கினால் ஊர் மறைந்துவிடும். பீட்ஸில் மேற்கண்ட கேள்வி ஒரே வரிதான். ஆண்டுக்கு ஒரு வரம்பு, நீளத்துக்கு ஒரு வரம்பு, ஊர் என்ற புலம் நிரம்பியிருப்பவை என்பதற்கு முன்னால் ஒரு மறுப்புக் குறி, அவ்வளவே.

பீட்ஸ் என்பது ஏட்ரியன் சாம்ப்சன் தொடங்கிய கட்டற்ற மென்பொருள். பைத்தான் மொழியில் எழுதப்பட்டது. பாட்டுகள் வழக்கமான கோப்புறைகளிலேயே இருக்கும். அவற்றைப் பற்றிய விவரம் மட்டும் எஸ்கியூலைட் என்ற வகைத் தரவுத்தளக் கோப்பு ஒன்றில் சேர்ந்திருக்கும். அந்தக் கோப்பைப் பென் டிரைவில் நகலெடுத்துக்கொண்டால் முழுப் பட்டியலும் கையில் வந்துவிடும். கருவியை நாளைக்கே நீக்கிவிட்டாலும் பாட்டுகளுக்கு ஒன்றும் ஆகாது. நான் இதைத் தேர்ந்ததற்கு முதற்காரணம் அதுதான். கறுப்புத் திரையின் மீது எனக்கு மோகம் ஏதுமில்லை.

கட்டளைகளை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்துகளில்தான் தட்ட வேண்டும்.

5 அக்டோபர் 2025

தொடங்கும் முன் ஒரு முடிவு எடுத்துக்கொள்ளுங்கள்: எது மூலம், கோப்பிலுள்ள டேகா, தரவுத்தளமா? மைக் செட் கடையில் வாடகை நோட்டு ஒன்று இருக்கும். குழாய் ஸ்பீக்கர் எந்த ஊருக்குப் போயிருக்கிறது என்பது நோட்டில் இருக்கும். ஸ்பீக்கரின் மீதும் கடைப் பெயரைப் பெயின்டால் எழுதியிருப்பார்கள். இரண்டும் ஒத்துப்போகாத நாளில் எதை நம்புவது என்பது கடைக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பீட்ஸ் தன் நோட்டையே நம்புகிறது. தரவுத்தளத்தில் இருப்பதைக் கோப்புகளின் மீது எழுத ‘பீட் ரைட்’, கோப்புகளில் வெளியிலிருந்து செய்த மாற்றத்தைத் தரவுத்தளத்துக்குக் கொண்டுவர ‘பீட் அப்டேட்’ என்று இரண்டு கட்டளைகள் எதிரெதிர்த் திசைகளில் இயங்குகின்றன. பலர் இவ்விரண்டையும் மாற்றிப் புரிந்துகொண்டு, ஒரு வாரம் உட்கார்ந்து திருத்தியதை ஒரு நொடியில் அழித்துக்கொள்கிறார்கள்.

முதலில் தட்ட வேண்டியது ‘பீட் இம்போர்ட்’. சொல்லாவிட்டால், அது கோப்புகளைத் தன் கோப்புறைக்கு நகலெடுக்கும். டேகுகளையும் திருத்தி எழுதும். வட்டில் இடம் குறைவாக இருந்தால் அமைவுக் கோப்பில் நகலெடுப்பதை அணைத்து, நகர்த்துவதை இயக்கிவிடலாம். இடம் மாற்றாமல் இருந்த இடத்திலேயே பதிவு மட்டும் செய்ய வேண்டுமானால் பெரிய எழுத்து ‘சி’ என்ற தெரிவைச் சேர்க்க வேண்டும். நான் சொல்வது: முதல் முறை ஒரே ஒரு கோப்புறையை நகலெடுக்கவிட்டுப் பாருங்கள், மூலம் அப்படியே இருக்கும்.

சினிமாப் பாட்டுகளுக்கு அது மியூசிக்பிரெய்ன்ஸ் என்ற பொதுத் தரவுத்தளத்தில் பொருத்தம் தேடி, எத்தனை சதவீதம் ஒத்துப்போகிறது என்று காட்டும். ஏற்பதா, வேறு பெயரில் தேடுவதா, விட்டுவிடுவதா, இருந்தபடியே சேர்ப்பதா என்று ஒவ்வோர் ஆல்பத்துக்கும் ஓர் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். பாட்டுகளின் எண்ணிக்கையும் நீளமும் ஒத்துப்போனால்தான் சதவீதம் ஏறும். எம்பி3 சிடிக் காலத்துத் தொகுப்புகளில் ‘சோகப் பாடல்கள்’, ‘காதல் ஹிட்ஸ்’ என்று ஐம்பது அறுபது பாட்டுகளை ஒரே கோப்புறையில் கொட்டியிருப்பார்கள். அவற்றை ஆல்பமாக ஏற்ற முயலாதீர்கள். தனிப்பாட்டாக ஏற்றும் சிறிய ‘எஸ்’ தெரிவே அவற்றுக்கு ஏற்றது.

6 அக்டோபர் 2025

ஒரு சிறு எச்சரிக்கை. நான் முதன்முதலில் பாடகர் வாரியாகப் பட்டியல் எடுத்தபோது, என் களஞ்சியத்தில் மிக அதிகமான பாட்டுகளைப் பாடியவர் ஓர் இணையதளம் என்று தெரியவந்தது. பாடகர், ஆல்பம், குறிப்பு என்று எல்லாப் புலத்திலும் அந்தத் தளத்தின் முகவரியைச் செருகியிருந்தார்கள். இசைக்குயில் யாராக இருந்தாலும் அவரைவிட அதிகமாகவே பாடியிருந்தது. ‘டாட் காம்’ என்பதைத் தேடி, வருபவற்றின் குறிப்புப் புலத்தை ‘பீட் மாடிஃபை’ கொண்டு ஒட்டுமொத்தமாகக் காலி செய்யலாம். மாற்றுவதற்கு முன் எவையெவை மாறும் என்று காட்டி ஒப்புதல் கேட்கும். அந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு ‘ஆம்’ தட்டக் கூடாது.

சில பழைய கோப்புகளில் டேகு தமிழில் இருந்தும் புள்ளியும் கொம்புமாகப் புரியாத லத்தீன் எழுத்துகள் தெரியும். அவை யூனிகோடு பரவுவதற்கு முன் டிஸ்கி போன்ற குறியாக்கத்தில் எழுதப்பட்டவை. பீட்ஸுக்கு அது தெரியாது. எழுத்துருமாற்றி ஒன்றில் முதலில் மாற்றிவிட்டு அதன் பிறகே உள்ளே கொண்டுவாருங்கள்.

குடியாத்தம் வாசகர், 9 அக்டோபர் 2025

சினிமாப் பாட்டு நீங்கள் சொன்னபடி ஓரளவு சேர்ந்துவிட்டது. ஆனால் என்னிடம் இருப்பதில் பாதி தெருக்கூத்தும் அம்மன் பாட்டும். அவற்றுக்கு மியூசிக்பிரெய்ன்ஸில் ஒரு பொருத்தமும் வரவில்லை. ஓர் ‘அர்ச்சுனன் தபசு’க்கு எங்கோ ஐரோப்பாவில் வெளிவந்த இசைத்தட்டைக் காட்டுகிறது. அப்படியானால் இந்தக் கருவி எனக்குப் பயன்படாது என்று எடுத்துக்கொள்ளலாமா?

10 அக்டோபர் 2025

நேர்மாறாக எடுத்துக்கொள்ளுங்கள். சினிமாப் பாட்டின் விவரம் உங்கள் வீட்டில் தொலைந்தாலும் உலகத்தில் எங்காவது கிடைக்கும். உங்கள் பெரியப்பா பதிவு செய்த கூத்தின் விவரம் கேசட் உறையில் பால்பாயின்ட் பேனாவால் எழுதிய ஒற்றை வரியில் மட்டுமே இருக்கிறது. தரவுத்தளம் தேவைப்படுவது அதற்குத்தான்.

என் தாய்மாமன் வேலூர் மாவட்டத்து அணைக்கட்டு ஊர்ப் பக்கம் டூ இன் ஒன் ரெக்கார்டர் வைத்துக்கொண்டு கூத்துக் கூத்தாக அலைந்தவர். அவரிடமிருந்து வந்த உறை ஒன்றில் ‘ஒடுகத்தூர். அர்ச்சுனன் தபசு. 3வது கே. பி சைடு பாதி இல்லை’ என்று இருக்கிறது. கடைசிச் சொற்களை மட்டும் வேறு மையில், பிறகு எப்போதோ எழுதிச் சேர்த்திருக்கிறார். இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியற்காலை ஆறு வரை நடக்கும் கூத்துக்குத் தொண்ணூறு நிமிடக் கேசட் ஆறு வேண்டும். முக்கால் மணிக்கு ஒரு முறை பக்கம் மாற்ற வேண்டும். கட்டியக்காரன் சிரிக்க வைக்கும் பகுதியெல்லாம் ஒழுங்காகப் பதிவாகியிருக்கும். பின்னிரவில், பதிவு செய்பவருக்குக் கண் சொக்கும் நேரத்தில்தான் பக்கம் மாற்றுவது தவறிப்போகும். தபசு மரம் ஏறும் இடம் அப்படித்தான் பல கேசட்டுகளில் விடுபட்டிருக்கிறது.

இதை பீட்ஸுக்குள் வைக்கும் வழி: ஒரு கூத்து ஓர் ஆல்பம், ஒரு கேசட் ஒரு டிஸ்க், ஒரு பக்கம் ஒரு டிராக். ஆல்பக் கலைஞர் என்ற இடத்தில் ஜமாவின், அதாவது கூத்துக் குழுவின், பெயர் அல்லது வாத்தியாரின் பெயர். கோப்புப் பெயரின் அமைப்பில் டிஸ்க் எண்ணையும் டிராக் எண்ணையும் முன்னால் வைத்துவிட்டால் இரவு முழுவதும் வரிசை குலையாமல் ஓடும். இம்போர்ட் செய்யும்போது பொருத்தம் தேடவே வேண்டாம் என்று சொல்லப் பெரிய எழுத்து ‘ஏ’ என்ற தெரிவு இருக்கிறது. அதோடு ‘செட்’ என்ற தெரிவைச் சேர்த்து, ‘வில்லேஜ்’ என்ற புலத்துக்கு ஒடுகத்தூர் என்று மதிப்புக் கொடுத்தால், அந்தக் கோப்புறையிலுள்ள எல்லாவற்றுக்கும் ஊர் பதிவாகிவிடும். பீட்ஸில் ஏற்கனவே இல்லாத புலத்தையும் நாமே பெயர் சூட்டிச் சேர்க்கலாம். புலத்தின் பெயரை ஆங்கில எழுத்திலும் மதிப்பைத் தமிழிலும் வைப்பது என் வழக்கம்.

சிக்கல் அதற்குப் பின்னால்தான் வரும். திரௌபதி அம்மன் கோயில் உள்ள ஊரிலெல்லாம் அர்ச்சுனன் தபசு நடக்கும். அதே ஜமாவே பத்து ஊரில் ஆடியிருக்கும். ஆல்பத்தின் பெயரும் கலைஞரின் பெயரும் ஒன்றாக இருந்தால், ‘ஏ’ தெரிவு இல்லாமல் ஏற்றி, பொருத்தம் காட்டும் கட்டத்தில் ‘இருந்தபடியே’ என்று நீங்கள் தேர்ந்தவுடன், இது ஏற்கனவே இருக்கிறது, பழையதை நீக்கவா, இரண்டையும் வைக்கவா, ஒன்றாக்கவா என்று பீட்ஸ் கேட்கும். தூக்கக் கலக்கத்தில் ‘பழையதை நீக்கு’ என்ற எழுத்தைத் தட்டினால் ஒரு ராத்திரி கூத்து போயிற்று. இரட்டை என்று எதை வைத்து முடிவு செய்ய வேண்டும் என்பதை அமைவுக் கோப்பில் மாற்றலாம். கலைஞர், ஆல்பம் என்ற இரண்டோடு ஆண்டையும் ‘ஆல்பம்டிஸ்ஆம்பிக்’ என்ற புலத்தையும் சேர்த்துவிடுங்கள். ஒரே பெயருள்ள ஆல்பங்களை வேறுபடுத்தவே அந்தப் புலம் இருக்கிறது. ஊர்ப் பெயரை அதிலும் எழுதிவைப்பது நல்லது. ஏன் இரண்டு இடத்தில் எழுத வேண்டும் என்பதற்குத் தனியாக ஒரு காரணமும் இருக்கிறது, பிறகு எழுதுகிறேன்.

11 அக்டோபர் 2025

ஆண்டு பற்றி எழுத மறக்கக் கூடாது. நம் பக்கத்துக் கேசட்டுகளில் அதிகம் தடுக்கும் இடம் அது. உறையில் ‘1987’ என்று இருக்காது. ‘பிரபவ’ என்றுதான் இருக்கும். பிரபவ என்றால் 1987 ஏப்ரல் நடுவிலிருந்து 1988 ஏப்ரல் நடு வரை. பீட்ஸில் ஆண்டு, மாதம், நாள் மூன்றும் தனித்தனிப் புலங்கள். மாதத்தையும் நாளையும் காலியாக விடலாம், ஆண்டுக்கு எண்ணைத் தவிர வேறெதுவும் கொடுக்க முடியாது.

மாதமும் எழுதியிருந்தால் கணக்கு நேராகிவிடும். ‘விபவ, பங்குனி’ என்றால் 1989 மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை. அதற்கடுத்த சித்திரை ‘சுக்ல’ ஆண்டு, அதுவும் 1989தான். ஆகவே, சில வாரங்கள் மட்டுமே இடைவெளி உள்ள இரண்டு பாரதக் கூத்துகள் உறையில் இரண்டு வேறு ஆண்டுகளாகவும் கணினியில் ஒரே ஆண்டாகவும் தெரியும். விபவ என்று மட்டும் எழுதியிருந்தால் அது 1988ஆகவும் இருக்கலாம், 1989ஆகவும் இருக்கலாம்.

உங்கள் ஊருக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வைகாசி முதல் நாள். உறையில் ‘சிரசு, பிரபவ’ என்று இருந்தாலே 1987 மே 14 அல்லது 15 என்று நாள்வரை இறங்கிவிடலாம். பழைய பஞ்சாங்கம் கிடைத்தால் அந்த ஒரு நாள் ஐயமும் தீரும்.

என் ஏற்பாடு இது: உறையில் உள்ளதை உள்ளபடியே ‘தமிழ்_இயர்’ என்ற சொந்தப் புலத்தில் எழுதுகிறேன், கணித்த ஆண்டை ஆண்டுப் புலத்தில் இடுகிறேன், கணிப்பு உறுதியில்லாததாக இருந்தால் ‘டேட்_ஷ்யூர்’ என்ற இன்னொரு புலத்தில் ‘இல்லை’ என்று குறிக்கிறேன். உறையில் எழுதியவர் அறிந்ததும் நான் ஊகித்ததும் ஒரே புலத்தில் கலந்துவிடக் கூடாது. கலந்துவிட்டால் பிற்பாடு பிரித்தெடுக்கவே முடியாது.

14 அக்டோபர் 2025

இரண்டு இடத்தில் எழுதச் சொன்னதன் காரணம். நாமாகச் சேர்க்கும் புலங்கள் தரவுத்தளத்தில் மட்டுமே இருக்கும். கோப்பின் டேகில் எழுதப்படுவதில்லை. ‘பீட் ரைட்’ எத்தனை முறை தட்டினாலும் ‘வில்லேஜ்’ என்ற சொல் உங்கள் ஃபிளாக் ஒலிக்கோப்புக்குள் போகாது. தரவுத்தளக் கோப்பு கெட்டுப்போன அன்று, ஊரும் தமிழ் ஆண்டும் யார் முகவீணை வாசித்தார் என்பதும் சேர்ந்து போய்விடும். உங்கள் தம்பி வந்து கோப்புகளை மட்டும் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு போனாலும் அதே கதிதான். அவர் கையில் இருப்பது பெயரில்லாத ராத்திரி.

ஆகவே முக்கியமானவற்றை, கோப்புக்குள் எழுதப்படும் இயல்பான புலங்களிலும் வைக்க வேண்டும். ஊரை ஆல்பம்டிஸ்ஆம்பிக் புலத்தில் வைக்கலாம். உறையின் வாசகத்தை எழுத்துப் பிழையோடு அப்படியே ‘காமென்ட்ஸ்’ என்ற குறிப்புப் புலத்தில் தட்டச்சு செய்துவிடலாம். தேடுவதற்குச் சொந்தப் புலங்கள், பாதுகாப்புக்குக் காமென்ட்ஸ் என்று நான் பிரித்துக்கொண்டிருக்கிறேன். பல நாள் யோசித்த பிறகும் இதைவிட நல்ல வழி எனக்குத் தென்படவில்லை. ‘எக்ஸ்போர்ட்’ செருகுநிரலை (பீட்ஸோடு வேண்டும்போது சேர்த்துக்கொள்ளும் துணை நிரலை)க் கொண்டு எல்லாப் புலங்களையும் மாதத்துக்கு ஒரு முறை சிஎஸ்வி கோப்பாக எடுத்துவைப்பதும் உண்டு. எந்த விரிதாளிலும் திறக்கும். பீட்ஸ் தெரியாதவரும் படிக்கலாம்.

டெர்மினலில், அதாவது அந்தக் கறுப்புத் திரையில், தமிழ் தட்டுவது கொடுமை. கொம்பும் காலும் எழுத்தை விட்டு விலகி நிற்கும், கர்சர் எங்கே இருக்கிறதென்று தெரியாது. அங்கே மல்லுக்கு நிற்காதீர்கள். ‘பீட் எடிட்’ என்ற செருகுநிரல், தேர்ந்த பாட்டுகளின் விவரத்தை உங்களுக்குப் பிடித்த உரைத்தொகுப்பியில் திறந்துவிடும். வழக்கம்போலத் தமிழில் திருத்திச் சேமித்து மூடினால், மாற்றங்களைக் காட்டி ஒப்புதல் கேட்கும்.

குடியாத்தம் வாசகர், 18 அக்டோபர் 2025

‘கொடியேற்றம்’ என்று தேடினால் மூன்று வருகிறது. ஐந்து இருப்பது எனக்கு நன்றாகத் தெரியும். மற்ற இரண்டும் திரையில் அதே எழுத்துகளோடுதான் தெரிகின்றன. பீட்ஸ் கணக்குத் தப்புகிறதா?

18 அக்டோபர் 2025, இரவு

பீட்ஸின் கணக்கு சரிதான். அந்த இரண்டு பெயர்களும் வேறு. கொகரத்தைக் கணினியில் இரண்டு விதமாக எழுதலாம். ‘க’வுக்குப் பின் ஒகரக் குறியை ஒரே குறியாக இடுவது ஒன்று, எகரக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறிகளாக இடுவது மற்றொன்று. கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. மேக் கணினியின் பழைய கோப்பு முறைமை கோப்புப் பெயர்களைப் பிரித்தே சேமித்தது. அங்கிருந்து வந்த கோப்பின் பெயரைப் பார்த்து டேகு எழுதியிருந்தால் இந்தக் கலப்பு வந்திருக்கும். உங்கள் உறவினர் யாராவது மேக்கில் ஏற்றிக் கொடுத்தாரா என்று விசாரியுங்கள்.

உடனடித் தீர்வாக, வழக்கமான ஒற்றை முக்காற்புள்ளிக்குப் பதில் இரட்டை முக்காற்புள்ளி போட்டுச் சுருங்குறித் தொடராக (ரெகுலர் எக்ஸ்பிரஷனாக)த் தேடுங்கள். அந்த வழியில் ஒப்பிடும்போது பீட்ஸ் இரு வடிவத்தையும் ஒன்றாக்கிக்கொள்கிறது. நிரந்தரத் தீர்வு, எல்லா டேகுகளையும் ஒரு முறை, ஒகரக் குறியை ஒரே குறியாக வைக்கும் என்எஃப்சி வடிவுக்கு மாற்றிவிடுவது.

அதே சுருங்குறித் தேடல் இன்னொன்றுக்கும் உதவும். உங்கள் உறைகளில் கங்கையம்மன், கெங்கையம்மன் இரண்டும் கலந்திருக்கும். ‘க’வுக்கும் ‘ங்’குக்கும் நடுவே ஒரு புள்ளியும் கேள்விக்குறியும் இட்டால் இரண்டும் வந்துவிடும், அந்தக் கொம்பு கணினிக்குத் தனி எழுத்து. ஆனால் ‘சொல் எழுத்து’ என்பதைக் குறிக்கும் சாய்கோட்டு டபிள்யூவைத் தமிழுக்குப் பயன்படுத்தாதீர்கள். பைத்தான் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் எழுத்தாகவே எண்ணுவதில்லை. சொல் பாதியில் அறுந்துவிடும்.

எழுத்துக் கணக்கு என்றதும் நினைவுக்கு வருகிறது. லினக்ஸில் ஒரு கோப்பின் பெயர் 255 பைட்டைத் தாண்டக் கூடாது. தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். ‘அர்ச்சுனன் தபசு’ கண்ணுக்கு ஒன்பது எழுத்து, வட்டுக்கு 43 பைட். ஜமாவின் முழுப் பெயர், கூத்தின் பெயர், ஊர், கேசட், பக்கம் எல்லாவற்றையும் ஒரே கோப்புப் பெயரில் திணித்தால், பீட்ஸ் வாலை வெட்டிவிடும். பெயரைச் சுருக்கமாக வைத்துக்கொண்டு விவரத்தைப் புலங்களில் வையுங்கள்.

19 அக்டோபர் 2025

அகர வரிசை எதிர்பார்க்காதீர்கள். பீட்ஸ் யூனிகோடு எண்படியே அடுக்குகிறது. அதனால் ‘ந’வை அடுத்து ‘ன’, ‘ர’வை அடுத்து ‘ற’, ‘ச’வுக்கும் ‘ஞ’வுக்கும் நடுவில் ‘ஜ’ என்று வரும். புள்ளி வைத்த எழுத்து தன் உயிர்மெய் வரிசைக்கெல்லாம் பின்னால் போய் நிற்கும். தமிழாசிரியர் பார்த்தால் பிரம்பை எடுப்பார். அச்சிடப் பட்டியல் வேண்டுமானால், சிஎஸ்வியை எடுத்துத் தமிழ் வரிசை தெரிந்த விரிதாளில் அடுக்கிக்கொள்ளுங்கள்.

2 நவம்பர் 2025

ஆரணியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: வெளி வட்டில் பாட்டுகளை வைத்து, வட்டை மாட்டாத நேரத்தில் பீட்ஸை இயக்கினால் என்ன ஆகும்?

பட்டியல் பார்ப்பதற்கும் தேடுவதற்கும் வட்டு வேண்டியதில்லை. தரவுத்தளம் கணினியில் இருந்தால் போதும். ஆனால் ‘பீட் அப்டேட்’ மட்டும் தட்டக் கூடாது. கோப்பைக் காணோம் என்றால், அது நீக்கப்பட்டுவிட்டது என்று எடுத்துக்கொண்டு தரவுத்தளத்திலிருந்தும் எடுத்துவிடுவது அந்தக் கட்டளையின் வேலை. களஞ்சியத்தின் தலைக் கோப்புறையே இல்லாவிட்டால் நிறுத்திக் கேட்கும். தலைக் கோப்புறை இருந்து, உள்ளே ஒரு பகுதி மட்டும் வேறு வட்டில் இணைக்கப்பட்டிருந்தால் கேட்காது. பிறகு வட்டை மாட்டி மீண்டும் இம்போர்ட் செய்தால் டேகில் உள்ளவை திரும்பி வரும். சொந்தப் புலங்கள் வராது. அக்டோபர் 14 குறிப்பில் காமென்ட்ஸ் புலத்தைப் பற்றி நான் வற்புறுத்தியதை இதோடு சேர்த்துப் படியுங்கள்.

சிறிய ‘பி’ தெரிவோடு தட்டினால் என்ன செய்யப்போகிறது என்று மட்டும் சொல்லும், செய்யாது. என் கணினியில் ‘பீட் அப்டேட்’ என்று தட்டினாலே அந்தத் தெரிவோடு ஓடும்படி ஒரு சிறு ஏற்பாடு செய்து வைத்திருக்கிறேன். உண்மையிலேயே செய்ய வேண்டுமானால் முழுப் பாதையையும் தட்ட வேண்டும். அந்தச் சிரமம் வேண்டியே வைத்தது.

நம் ஊர் மின்வெட்டைப் பற்றியும் கேட்டிருந்தார். இம்போர்ட் பாதியில் நின்றால், அடுத்த முறை அதே கோப்புறையைக் கொடுக்கும்போது விட்ட இடத்திலிருந்து தொடரவா என்று கேட்கும். சிறிய ‘ஐ’ தெரிவைச் சேர்த்தால் ஏற்கனவே சேர்த்த கோப்புறைகளைத் தாண்டிவிடும். அந்தக் கவலை வேண்டாம். கேசட்டிலிருந்து பதிவு செய்யும் கட்டத்தில் மின்சாரம் போவதுதான் தொல்லை. அதற்கு யூபிஎஸ் தவிர வழியில்லை.

9 நவம்பர் 2025

மாவட்டத்துக்கு ஒரு புலம் வைக்கலாமா என்று அதே ஆரணிக்காரர் கேட்கிறார். அவருக்கே தெரிந்த சிக்கல்தான். 1987இல் ஆரணியில் எடுத்த கேசட் உறையில் ‘வ.ஆ. மாவட்டம்’ என்று இருக்கும். 1989இல் வட ஆர்க்காடு பிரிந்தபோது ஆரணியும் செய்யாறும் போளூரும் திருவண்ணாமலைப் பக்கம் போயின. 2019இல் மீண்டும் பிரிந்தபோது ஆற்காடும் வாலாசாவும் சோளிங்கரும் இராணிப்பேட்டைக்கும், ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூருக்கும் போயின. ஒடுகத்தூரும் குடியாத்தமும் வேலூரிலேயே நின்றன. மாவட்டத்தைப் பாட்டோடு எழுதினால், அரசு அடுத்த முறை கோடு போடும்போது நீங்களும் உட்கார்ந்து திருத்த வேண்டும்.

ஊரை மட்டும் பாட்டோடு வைக்கிறேன். உறையில் மாவட்டம் இருந்தால் அது காமென்ட்ஸில் வாசகத்தோடு கிடக்கும். ஊருக்கு இன்று எந்த மாவட்டம் என்பது தனியாக ஒரு சிறு அட்டவணை. அதே பெயரில் இரண்டு ஊர் இருந்தால் மட்டும், பக்கத்து ஊரைச் சேர்த்துச் சொல்லும் நம் வழக்கப்படி மதிப்பில் இரண்டையும் எழுதிவிடுகிறேன்.

16 நவம்பர் 2025

சினிமாப் பாட்டுகளில் கலைஞர் பெயரைத் தமிழில் வைப்பதா ஆங்கிலத்தில் வைப்பதா என்பதில் என் எண்ணம் இப்போது மாறியிருக்கிறது. தொடக்கத்தில் ஆங்கிலமே போதும் என்றிருந்தேன். ஆனால் இளையராஜாவின் பெயரை மட்டுமே ஆங்கிலத்தில் மூன்று நான்கு விதமாக எழுதுகிறார்கள். எம்பி3 சிடி போட்டவர்கள் ஒவ்வொரு சிடியிலும் ஒரு விதமாக எழுதினார்கள். மியூசிக்பிரெய்ன்ஸ் வழியாக வந்தவை ஒரே வடிவில் வரும், இருந்தபடியே சேர்த்தவை வராது. தமிழில் எழுதினால் இந்தக் குழப்பம் குறைகிறது. அமைவுக் கோப்பின் இம்போர்ட் பகுதியில் மொழி விருப்பமாகத் தமிழின் குறியீட்டைக் கொடுத்தால், அங்கே தமிழ் மாற்றுப்பெயர் பதிவாகியுள்ள கலைஞர்களுக்கு அதையே எடுத்துக்கொள்ளும். பதிவாகாதவர்களுக்கு ஆங்கிலமே வரும். நீங்களே அங்கே கணக்குத் தொடங்கித் தமிழ்ப் பெயரைச் சேர்த்துவிடலாம். நம் ஊர்ப் பாடகர்களுக்கு வேறு யாரும் வந்து சேர்க்கப் போவதில்லை.

ஆல்பக் கலைஞராக இசையமைப்பாளரை வையுங்கள், ஒவ்வொரு பாட்டின் கலைஞராகப் பாடகர்களை வையுங்கள். இல்லாவிட்டால் ஒரே படத்தின் ஐந்து பாட்டு ஐந்து கோப்புறைக்குப் போகும்.

30 நவம்பர் 2025

குடியாத்தம் வாசகர், கேசட்டுகளில் தேர்ந்தவற்றை ஊர் மைக் செட்காரருக்குப் பென் டிரைவில் போட்டுக் கொடுக்க விரும்புகிறார். மூலக் கோப்புகளை அப்படியே கொடுக்காதீர்கள். சிடி தரத்தில் ஒரு நிமிடம் சுமார் பத்து எம்பி. தொண்ணூறு நிமிடக் கேசட் ஒன்று வேவ் கோப்பாக 950 எம்பி வரும், ஃபிளாக்காக மாற்றினால் பெரும்பாலும் அதில் பாதி. ஆம்பிளிஃபயரில் செருகும் மலிவான பிளேயர்களில் பல ஃபிளாக்கைப் படிப்பதில்லை. ‘கன்வர்ட்’ என்ற செருகுநிரல், தேடலில் வரும் பாட்டுகளை மட்டும் எம்பி3ஆக மாற்றி, வேறொரு கோப்புறையில் வைக்கும், மூலத்தைத் தொடாது. பழைய பிளேயராக இருந்தால் ஐடி3 டேகை 2.3 பதிப்பில் எழுதும்படி அமைவில் சொல்லிவிடுங்கள். பீட்ஸ் இயல்பாக எழுதும் 2.4ஐ அவற்றில் சில படிப்பதில்லை.

அந்தப் பிளேயரின் சிறு திரையில் தமிழ் தெரியாது, கட்டம் கட்டமாக வரும். பெயரை ஆங்கில எழுத்தாக மாற்றும் வசதி பீட்ஸில் உண்டு. ஆனால் அது மெய்யோடு கலந்த அகரத்தை விழுங்கிவிடும்: ‘நகரம்’ என்பது ‘ந்க்ர்ம்’ என்ற ஓசையில் வந்து நிற்கும். மைக் செட்காரர் அதை வாசிக்க முயன்று உங்களைத் திட்டுவார். பென் டிரைவுக்குப் போகும் சில பாட்டுகளுக்கு மட்டும் ‘ஷார்ட்_நேம்’ என்று ஒரு புலம் வைத்து, அவர் புரிந்துகொள்ளும்படி ஆங்கில எழுத்தில் நீங்களே தட்டி, கன்வர்ட் செய்யும் கோப்புக்கு அந்தப் புலமே பெயராக வரும்படி பாதையை அமைத்துவிடுங்கள். பாதைக்குத் தனி அமைவு கன்வர்ட்டிலேயே இருக்கிறது.

7 டிசம்பர் 2025

புதிய பதிப்புக்கு மாறிய பிறகு எந்தப் பாட்டுக்கும் பொருத்தமே வரவில்லை என்று இருவர் எழுதியிருக்கிறார்கள். 2025இல் வந்த பதிப்புகளில் மியூசிக்பிரெய்ன்ஸும் ஒரு செருகுநிரலாக்கப்பட்டுவிட்டது. அமைவுக் கோப்பில் செருகுநிரல் பட்டியலை நீங்களே எழுதி வைத்திருந்தால் அதன் பெயரையும் அதில் சேர்க்க வேண்டும். கூத்துக் கேசட்டுகளை மட்டும் வைத்திருப்பவர்கள் சேர்க்காமலே இருக்கலாம். ஐரோப்பிய இசைத்தட்டுகளின் தொல்லையும் இருக்காது.